டென்னிஸ் ஆடாத முழங்கை

தேனியில் அந்த எலும்பு டாக்டர் என் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து ஒரே ஒரு அமுக்கு அமுக்கினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "டென்னிஸ் எல்போ" என்றார். "டென்னிஸ் ஆடுவீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கூட வந்திருந்த என் கணவரும் சிரித்தார். ஓரமாக நின்றிருந்த நர்ஸ் பெண்கூடச் சிரித்தாள். வலி எனக்கு, வேடிக்கை அவர்களுக்கு.

அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. டென்னிஸ் மட்டையை நான் டிவியில் பார்த்ததோடு சரி. கம்பத்துக்குத் தெற்கே, லோயர் கேம்ப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். அறுவடை முடிந்ததும் கொடியைக் கொஞ்ச நாள் ஆறப்போட்டு, பிறகு பழைய குச்சிகளைக் கழித்துவிட வேண்டும். அதைத்தான் கவாத்து என்போம். கழிப்பது என்றால் கண்டபடி வெட்டித் தள்ளுவது இல்லை. குச்சியில் இருக்கிற கண்களைப் பார்த்து, எது துளிர்க்கும், எது ஏமாற்றும் என்று தீர்மானித்து, அதற்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. அண்ணாந்த கழுத்து, தூக்கிய கை, கைக்குள் கத்தரி. காலையில் பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் சாய்கிறவரை அமுக்கு, விடு, அமுக்கு, விடு. இதில் டென்னிஸ் எங்கே வந்தது?

வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு பொழுதுபோக்குக்குப் பந்தடித்த யாருக்கோ இந்த வலி வந்திருக்கிறது. உடனே அவர்கள் ஆட்டத்தின் பெயரையே வலிக்கும் வைத்துவிட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் கொத்தில் பிஞ்சு கழிக்கிற பெண்களிடம் முழங்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அவர்களுக்கெல்லாம் அது வெறும் "கைக்கடுப்பு". ஒரு தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். கவாத்து முழங்கை என்று ஒருவருக்கும் பெயர் வைக்கத் தோன்றவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். முழங்கைக்குக் கீழே கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். சரியாகவில்லை என்றால் ஊசி போடலாம் என்றார். கடைசியாக, கைக்கு நல்ல ஓய்வு கொடுங்கள் என்றார். என் கணவர் அதைப் பெரிய பொறுப்போடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது எனக்கே ஒரு தடவை எடுத்துச் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியவர், "ஒரு டீயப் போடு, தல வலிக்குது" என்றார்.

டீ போட்டேன். பால் பாத்திரத்தை இடது கையால் பிடித்து இறக்கினேன். அந்தக் காலத்தில் என் வலது கைக்கு டம்ளர்கூடப் பாரம். துணி பிழிய முடியாது. பாட்டில் மூடி திறக்க முடியாது. கதவுத் தாழ்ப்பாளைத் திருகினால் முழங்கையிலிருந்து விரல்வரை சுரீரென்று இழுக்கும். தலை பின்னிக்கொள்ள முடியாமல் சும்மா முடிந்துகொண்டு திரிந்தேன். வெளியே பார்த்தால் கையில் ஒரு வீக்கம் இல்லை, ஒரு காயம் இல்லை. கட்டுப் போட்டிருந்தால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். தெரியாத வலிக்கு வீட்டில் மதிப்பே கிடையாது.

ஆனால் என் கைக்கு மட்டும் ஏகப்பட்ட மதிப்பு இருந்தது. அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய கூத்து.

எங்கள் சொந்தபந்தத்துக்குள் கவாத்து தொடங்க ஒரு வழக்கம் உண்டு. யார் கை ராசியான கையோ அந்தக் கைதான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் மஞ்சள் குங்குமம் வைத்த கத்தரி. தட்டை நீட்டினால் வாங்காமல் இருக்கக் கூடாது. மறுத்தால் அந்தப் போகம் விளங்காது என்பார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வருசம் ஊரெல்லாம் கொடியில் நோய் விழுந்து கொத்துக் கொத்தாகக் கருகியது. நான் கவாத்துச் செய்த எங்கள் பந்தல் மட்டும் தப்பியது. நான் கண் பார்த்து வெட்டினேன், நோய் விழுந்த குச்சியை அங்கேயே போடாமல் பொறுக்கி எரித்தேன், தப்பியது. அதை ஒருவரும் கேட்கவில்லை. "பிள்ளைக்குக் கை ராசிடா" என்று முடித்துவிட்டார்கள். வேலை தெரியும் என்று சொல்லிவிட்டால் நமக்கும் ஒரு மரியாதை கொடுக்க வேண்டியிருக்கும். ராசி என்று சொல்லிவிட்டால் மரியாதை சாமிக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து யார் வீட்டுத் தோட்டத்தில் கவாத்து என்றாலும் தட்டு என் முன்னால் வந்துவிடும். முதல் வெட்டு என்பது பேச்சுக்குத்தான். பந்தலுக்குள் போன பிறகு, முதல் வரிசையை முடித்துக் கொடுத்துவிடு என்பார்கள். வரிசை முடிந்தால், இந்த மூலையையும் பார்த்துவிடு என்பார்கள். ராசிக்குக் கூலி கேட்க முடியுமா? பழத்தையும் வெற்றிலையையும் மடியில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலை வைப்பேன்.

வலி வந்ததும் பக்கத்துத் தெருவில் இருக்கிற என் நாத்தனார்தான் முதலில் காரணம் கண்டுபிடித்தாள். "மதினி, ஊரு கண்ணு பூரா ஒங்க கைமேலதான்" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லையாம், அதனால் கண்ணேறு உறுதியாம். எனக்கு இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைச் சொன்னால் திருஷ்டி கழிகிறது என்றாள். எப்படிப் போட்டாலும் பந்து அவள் பக்கம்தான் விழும்.

என் கணவர் கண்டுபிடித்த வழி வேறு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"கையி இப்பிடி இருக்கையில எதுக்கு இந்தப் போராட்டம்? பந்தலப் பிரிச்சிட்டுத் தென்னைய வச்சிருவோம். தண்ணி பாய்ச்சுனாப் போதும், கவாத்தும் இல்ல கத்தரியும் இல்ல."

அந்தக் கொடிகள் நான் நட்டவை. பதியன் குச்சியைத் தேர்ந்தெடுத்தது நான், முதல் கம்பியில் அதை ஏற்றிக் கட்டியது நான். அந்தப் பந்தலுக்குள் நிற்கும்போதுதான் நான் சொல்கிறதை நாலு பேர் நின்று கேட்பார்கள். பந்தல் போனால் எனக்கு மிச்சம் இருப்பது அடுப்படி ஒன்றுதான். தென்னைக்கு நான் எதற்கு? அடுத்த கவாத்துக்குள் கை தேறினால் பந்தல் இருக்கும், தேறாவிட்டால் தென்னை வரும். அவ்வளவுதான் கணக்கு. அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். என் நல்லதுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

மாத்திரையில் வயிறு எரிந்ததுதான் மிச்சம். கையில் ஊசி போட்டுக்கொள்ள எனக்கு மனம் இல்லை. அப்போதுதான் தோட்டத்துக்குப் பழம் எடுக்க வருகிற வியாபாரியின் மனைவி, தேனியில் சீன முறையில் அக்குபங்சர் பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அக்குபங்சர் என்று சொல்லி வெறுமனே தொட்டுப் பார்த்து அனுப்புகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. இது அப்படி இல்லை, நிஜமாகவே ஊசி குத்துவார்கள் என்றாள். தோள்பட்டை வலிக்கு அவள் போய் வந்தவள்.

வீட்டில் சொன்னேன். "சைனா சாமான் ஒரு வாரம் தாங்குமா?" என்று என் கணவர் கேட்டார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் சமைத்து மூடி வைத்துவிட்டுத் தனியாகத் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. சுவரில் உடம்பு முழுக்கக் கோடும் புள்ளியும் போட்ட ஆண் படம் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவுதான் இருக்கும். அக்கா என்று கூப்பிட்டாள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு, காலையில் வயிறு சரியாகப் போகிறதா என்று கேட்டாள். முழங்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீன முறையில் முழங்கையின் அந்தப் பக்கம் பெருங்குடலின் பாதையில் வருகிறதாம். ஆட்காட்டி விரலில் தொடங்கி முகம்வரை போகிறதாம். அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து ஒன்று கேட்டாள். "இந்தக் கையால நாள் பூரா என்னக்கா செய்றீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆடுகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். யார் கண் பட்டது என்று ஒருத்தி கேட்டாள். கை என்ன செய்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். கவாத்தில் தொடங்கி இட்லி மாவு, தோசைக்கல், துணி, தோட்டத்து மோட்டார் சுவிட்சுவரை வந்துவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

ஊசியை வலது கையில் குத்துவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒன்றைக் குத்தினாள். "வலி இங்கன இருக்கு தாயி" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தெரியும் என்றாள். வலது பக்கத்து வலிக்கு இடது பக்கத்திலும் பார்ப்பார்களாம். அந்த ஊசி உள்ளே போகும்போது குத்தலே தெரியவில்லை. திருகியபோதுதான் உள்ளுக்குள் ஏதோ கனத்து, மந்தமாக வலித்துப் பாதம்வரை இறங்கியது. பிறகு வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று, முழங்கையைச் சுற்றி இரண்டு மூன்று. மூலிகை வைத்துச் சுருட்டிய ஒரு சுருட்டைக் கொளுத்தி, தோலில் படாமல் வலிக்கிற இடத்துக்கு மேலே பிடித்துச் சூடு காட்டினாள். அரை மணி நேரம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

என் போன் பைக்குள் அடித்தது. எடுக்க முடியாது, கையில் ஊசி. திரும்பவும் அடித்தது. நாத்தனாராக இருக்கும், இல்லை பால்காரராக இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் பகல் நேரத்தில், உடம்பு சரியில்லை என்றுகூட, நான் இப்படி இரண்டு கையையும் சும்மா போட்டுக்கொண்டு படுத்ததில்லை என்பது அப்போது உறைத்தது. சந்தோசமாக இருந்தது. அடுத்த நிமிடமே ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்பிள்ளை கையைச் சும்மா வைத்திருக்க உடம்பில் அரை டஜன் ஊசி குத்தினால்தான் நியாயம் கிடைக்குமா?

வீட்டுக்குப் போனதும் நாத்தனார் மோந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, சுருட்டு வாடை அடிக்குது?" என்றாள். ஆமாம், பஸ் ஸ்டாண்டில் நின்று ஒன்று இழுத்துவிட்டு வந்தேன் என்றேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை போனேன். சட்டென்று மாயம் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் இரவில் தூக்கம் கலையாமல் இருந்தது. பிறகு டம்ளரைத் தூக்கினேன். ஒருநாள் ஊறுகாய்ப் பாட்டிலை நானே திறந்துவிட்டு, அதை மூடித் திரும்பவும் திறந்து பார்த்தேன். கத்தரியைத் தொடவே கூடாது, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள். ஊசியாலா, அந்த அரை மணி நேர ஓய்வாலா, எதனால் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. குறைந்தது. எங்கள் கவாத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பந்தல் தப்பித்துவிடும் என்று நம்ப ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தட்டு வந்தது.

என் கணவரின் அண்ணன். பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். அவருடைய தோட்டம் எங்களுக்கு மேற்கே, கவாத்தும் எங்களுக்கு முன்னால். தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்தியம் நடக்கிறது, கத்தரியைத் தொடக் கூடாது என்றிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஒரே ஒரு வெட்டு தாயி. சம்பிரதாயத்துக்கு. தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

என் கணவர், ஒரு வெட்டில் என்ன குடி முழுகிவிடும் என்றார். நாத்தனார் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தட்டை வாங்கினேன்.

அவர் பந்தலுக்குள் போய், கிழக்கே பார்த்துச் சூடம் காட்டி முதல் வெட்டை வெட்டினேன். கத்தரியை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. "அந்த வரிசைய மட்டும்" என்றார் பெரிய மச்சான், அதே மெதுவான குரலில். கூலி ஆட்களெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாட்டேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது, வாய்க்கு வரவில்லை. வரிசையை முடித்தேன். வெட்டின நுனியிலெல்லாம் நீர் சொட்டியது. கவாத்துச் செய்தால் கொடி அழும் என்பார்கள். கொடிக்காவது அழ இடம் கொடுக்கிறார்கள்.

அன்று ராத்திரி டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்தது. வலி பழைய இடத்துக்கே, பழைய பலத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் வீட்டில் தீர்ப்பும் வந்துவிட்டது. சீன ஊசி பலிக்கவில்லையாம். நான் அப்பவே சொன்னேனே, சைனா சாமான் என்றார் என் கணவர். பெரிய மச்சானிடம் தென்னங்கன்றுக்குச் சொல்லி வைக்கச் சொன்னார். வலியைக் கொண்டுவந்தது இவர்கள் வெட்டச் சொன்ன வரிசை. பழி ஊசிக்கு, தண்டனை என் பந்தலுக்கு. வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு நீதி நடக்கும்போது வெளியே போய் யாரைக் குறை சொல்ல?

தேனிக்குப் போனேன். கையைத் தொட்டதுமே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. யார் தோட்டம் என்று கேட்டாள். சொன்னேன். திட்டவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"குத்துறது என் வேலைக்கா. மாட்டேன்னு சொல்றது உங்க வேலை. அதுக்கு உடம்புல எங்கன குத்தணும்னு எனக்குச் சொல்லிக் குடுக்கல."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து சின்னமனூர் வருவதற்குள் அந்தக் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

எங்கள் கவாத்து நாள் வந்தது. சொல்லி வைத்த தென்னங்கன்று இன்னும் வரவில்லை, பந்தல் அப்படியே நின்றது. தட்டை நானே தயார் பண்ணினேன். வெற்றிலை, பாக்கு, பழம், கத்தரிக்கு மஞ்சள் குங்குமம். கொண்டுபோய் என் கணவர் முன்னால் நீட்டினேன். அவர் விழித்தார்.

"தட்ட நீட்டுனா வாங்கணும். மறுத்தாப் போகம் விளங்காது" என்றேன்.

பெரிய மச்சான் இருந்தார், ஆட்கள் இருந்தார்கள். வாங்கிக்கொண்டார். கவாத்து என்ன கம்ப சூத்திரமா என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினார். எப்போதும் கணக்குப் பார்க்கவும் மருந்து வாங்கவும் வியாபாரியிடம் பேசவும்தான் அவர். நான் பின்னாலேயே நின்று, இந்தக் கண், அந்தக் கண் என்று சொன்னேன். வெட்டினார். உச்சிப் பொழுதுக்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் கத்தரியை இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். ஆட்களுக்கு முன்னால் விடவும் மனம் இல்லை. வேலை முடிகிற அன்றைக்குக் காபி டம்ளரை எடுத்தவர் "ஆத்தே" என்று கீழே வைத்தார். முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவினார். அதே இடம்.

பாவம் என்று தோன்றத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பாவமெல்லாம் பறந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கார் பிடித்து அதே டாக்டரிடம் போனார். எனக்கு வலி வந்தபோது டாக்டரைப் பார்க்கவே மாதக் கணக்கானது, பஸ்ஸில்தான் போனோம். திரும்பி வந்தவர் கையைத் தூளியில் தொங்கப் போட்டிருந்தார். விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொன்னார்: "டென்னிஸ் எல்போவாம்." ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி ஒரு குரல். டாக்டர் டென்னிஸ் ஆடுவீர்களா என்று கேட்டாரா என்றேன். இல்லையாம். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாராம். நாத்தனார் வெந்நீர்ப் பையோடு வந்தாள். உப்பும் இல்லை, மிளகாயும் இல்லை. அண்ணன் கையை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது என்று வாசலிலேயே நின்று சொன்னாள். பெரிய மச்சான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். பாட்டில் மூடியைத் திறந்து கொடு, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடு, சோற்றைப் பிசைந்து கொடு என்று அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். திறந்தேன், போட்டேன், பிசைந்தேன். எந்தக் கையால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு வந்தால் கண்ணேறு, அவருக்கு வந்தால் நோய். எனக்கு வந்தால் தென்னை, அவருக்கு வந்தால் ஆப்பிள்.

மாத்திரை அவர் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கூரையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பொண்ணு நல்லாப் பாக்குமா என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாததுபோல இருந்தேன். "அதான், சைனா ஊசி" என்றார். என்னுடைய முறை வந்த நாளில் கூட்டிக்கொண்டு போனேன். அவரை முதலில் படுக்கச் சொன்னாள் அந்தப் பெண். நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், வயிறு போவதைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். இடது காலிலும் வலது கையிலும் ஊசி ஏறியது. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவரால் எடுக்க முடியாது. நான் எடுத்துப் பார்த்தேன், பெரிய மச்சான். ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். தென்னங்கன்று வந்து இறங்கியிருக்கிறதாம், நம் தோட்டத்துக்கு வண்டியை அனுப்பவா என்று கேட்டார்.

என் கணவர் படுத்தபடியே சொன்னார்: "இப்ப என்னத்துக்குண்ணே அது? கைதானே, ரெண்டு வாரத்துல சரியாப் போகும். ஒரு கை வலிக்காகப் பந்தலப் பிரிப்பாகளா? கவாத்து முடிஞ்சு துளிரு கிளம்பிருச்சு."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. போனைப் பிடித்திருந்த என் முழங்கை விண்விண்ணென்று தெறித்தது. அந்த ஊசிகளையெல்லாம் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று வந்தது. பந்தல் தப்பிவிட்டது என்று நான் சந்தோசப்பட வேண்டிய நேரம். என் கைக்காக அது தப்பவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. போனை என் வாய்ப்பக்கம் திருப்பினேன்.

"பெரிய மச்சான், நான்தான் பேசுறேன். என் கை வலிச்சப்பச் சொன்ன கன்னு அது. இவுக கை வலிச்சதும் வேணாம்னுட்டாக. நீங்களே நட்டுக்கிருங்க. இனிமே உங்க வீட்டுத் தட்டும் எனக்கு வேணாம்."

போனை அணைத்து அவர் பையிலேயே போட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போக முடியாது, கையை ஆட்டிப் பேச முடியாது. அரை மணி நேரமும் நான் சொன்னதோடு தனியாகக் கிடந்தார்.

அந்தப் பெண் வந்து ஊசிகளை எடுத்தாள். அடுத்து நான் படுத்தேன். இடது காலைத் துடைத்துவிட்டாள், வலது கையை நீட்டினேன். வாசலில் தயங்கி நின்றவரை, முதலில் வருகிற பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் உலை வைக்கச் சொன்னேன். நான் வர நேரமாகும் என்றேன்.

"கை வலிக்குதேடி" என்றார்.

"எனக்கும் இப்பிடித்தான் வலிச்சுச்சு" என்றேன்.